மாடியறை ஒலிப்பதிவில் ரீப்பர்: ஒரு நெடுநாள் பயனரின் மதிப்பீடு

வீட்டிலேயே கணினியில் பாட்டைப் பதிவு செய்ய எந்த மென்பொருள் ஏற்றது என்று கேட்பவர்களிடம் ரீப்பரின் பெயரைச் சொல்லும்போதே இரண்டு எச்சரிக்கைகளையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். முதல் வாரம் முழுவதும் அது எரிச்சலூட்டும். கமகத்தோடு, அதாவது ஸ்வரங்களை அசைத்துப் பாடுகிறவர்கள் அதன் சுருதித் திருத்தியைத் தானாக இயங்க விடக்கூடாது. இவ்விரண்டையும் தாங்கிக்கொள்ள முடிந்தால், கொடுக்கும் பணத்துக்கு இதைவிட நேர்மையான ஒலிப்பதிவு மென்பொருளை நான் கண்டதில்லை. 2009-ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பில் தொடங்கி இன்றைய ஏழாம் பதிப்பு வரை, மாடியில் உள்ள ஒரே அறையில், வாய்ப்பாட்டையும் வீணையையும் பதிவு செய்யவே இதைப் பயன்படுத்தி வந்திருக்கிறேன். ஆகவே நடன இசையையோ திரைப் பின்னணி இசையையோ இதில் அமைப்பவர்களின் அனுபவம் வேறாக இருக்கக்கூடும்.

ரீப்பரின் அருமை தெரிய வேண்டுமானால், அதற்கு முன்பு வீட்டுப் பதிவு எப்படி இருந்தது என்பதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். 1979-இல் டாஸ்காம் நிறுவனம் வெளியிட்ட போர்ட்டாஸ்டுடியோ என்ற பதிவுக் கருவி, சாதாரண கேசட்டிலேயே நான்கு ட்ராக்குகளை, அதாவது தனித்தனி ஒலித்தடங்களை, பதிவு செய்ய வழி செய்தது. 1985-இல் வந்த அட்டாரி எஸ்.டி. கணினியில் மிடி இணைப்புகள் உள்ளேயே பொருத்தப்பட்டிருந்தன. 1989-இல் ஸ்டைன்பெர்க் நிறுவனத்தின் க்யூபேஸ் என்ற இசை மென்பொருள் அதே கணினிக்குத்தான் முதலில் வந்தது. ஆனால் மிடி என்பது ஒலியைப் பதிவதில்லை. எந்தக் கட்டையை எப்போது, எவ்வளவு வேகத்தில் அழுத்தினார்கள் என்ற குறிப்பை மட்டுமே பதிகிறது. கீபோர்டு வாசிப்பவருக்கு அது வரப்பிரசாதம்தான். தொண்டையை மட்டும் நம்பிப் பாடுகிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. எங்களைப் போன்றவர்களுக்கு வீட்டுக் கணினி ஒலிப்பதிவுக் கருவியானது, ஹார்ட் டிஸ்க் மலிவான பிறகுதான்.

அப்போதும் அது எளிதாக இருக்கவில்லை. 1999-இல் என்னிடமிருந்த கணினியின் ஹார்ட் டிஸ்க் 4.3 ஜி.பி. மட்டுமே. சி.டி. தரத்தில் ஒரு நிமிட ஸ்டீரியோ ஒலி ஏறக்குறைய 10 எம்.பி. இடத்தைப் பிடிக்கும் என்பதால், ஒரு ராகம் தானம் பல்லவியைப் பதிவதற்கு முன் எதை அழிப்பது என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய தொல்லை தாமதம். மைக்கில் பாடிய குரல் சவுண்ட் கார்டு வழியாகக் கணினிக்குள் போய்த் திரும்பி ஹெட்ஃபோனில் ஒலிப்பதற்குள் அடுத்த சங்கதி வந்துவிடும். ஸ்டைன்பெர்க் 1997-இல் ஏசியோ என்ற இணைப்பு முறையை வெளியிட்டது, விண்டோஸின் சுற்றுவழியைத் தவிர்த்து ஒலியை நேராகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காகத்தான். ஆனால் என் மலிவான கார்டு அதை அறியாது. இன்று மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஒரு சாதாரண யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸில், 48 கிலோஹெர்ட்ஸில் (விநாடிக்கு 48,000 சாம்பிள்கள்), பஃபரை, அதாவது கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலித் துண்டை, 256 சாம்பிள்களாக வைத்தால், அந்த ஒரு கட்டத்தின் தாமதம் 5.3 மில்லிசெகண்டு. பக்கவாத்தியக்காரர் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் உட்கார்ந்து வாசித்தால் ஒலி நம் காதை அடைய ஆகும் நேரமும் ஏறத்தாழ அதுவேதான். உள்ளே போகவும் வெளியே வரவும் சேர்த்தால் இரட்டிப்பாகும் என்றாலும், பாடுவதற்கு அது இடைஞ்சலாக இருப்பதில்லை.

ரீப்பரை உருவாக்கியவர் ஜஸ்டின் ஃபிராங்கல். தொண்ணூறுகளின் இறுதியில் பாட்டுக் கேட்டவர்களுக்கு அவருடைய வின்ஆம்ப் என்ற பாட்டுக் கேட்கும் மென்பொருள் நினைவிருக்கும். தம் நிறுவனத்தை ஏ.ஓ.எல். என்ற அமெரிக்க இணைய நிறுவனத்துக்கு விற்று, பின்னர் அங்கிருந்தும் விலகி, காக்கோஸ் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். ரீப்பர் 2005 இறுதியில் வெளிவந்தது. முதல் முழுப் பதிப்பு 2006 ஆகஸ்டில் வந்தது. வின்ஆம்பில் கண்ட சிக்கனம் இதிலும் தெரிகிறது. விண்டோஸுக்கான நிறுவல் கோப்பு இன்றும் 20 எம்.பி.யைத் தாண்டுவதில்லை. ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கழித்துப்போட்ட பழைய மடிக்கணினியிலும் பத்து ட்ராக்குகளை விக்கலின்றி ஓட்டிப் பார்த்திருக்கிறேன். நேரடியாகப் பாடிக்கொண்டிருக்காத ட்ராக்குகளுக்கான எதிரொலி போன்ற எஃபெக்ட்களின் கணக்குகளை முன்கூட்டியே போட்டு வைத்துக்கொள்வதால், பதிவு நடக்கும் வேளையில் கணினி திணறுவது குறைகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது, இதன் புராஜெக்ட் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பாக இருப்பது. சென்ற ஆண்டு பழைய வட்டு ஒன்றிலிருந்து 2009-இல் செய்த பதிவுகளை எடுத்தபோது, டிரைவ் எழுத்து மாறியிருந்ததால் எல்லா ஒலிக் கோப்புகளையும் காணவில்லை என்று ரீப்பர் சொன்னது. ஒவ்வொன்றாகத் தேடிக் காட்டாமல், புராஜெக்டை நோட்பேடில் திறந்து, பழைய எழுத்து இருந்த இடங்களிலெல்லாம் புதியதைப் போட்டுச் சேமித்தேன். ட்ராக்குகள், ஒலியளவு, எதிரொலி அமைப்பு உட்பட அனைத்தும் அன்று விட்டபடியே ஏழாம் பதிப்பில் திறந்தன.

இனிக் குறைகள். ரீப்பரைத் திறந்ததும் சாம்பல் நிறத்தில் ஒரு வெற்றிடம்தான் வரவேற்கும். ஆப்பிள் கணினியோடு வரும் கராஜ்பேண்டில் போல, தொட்டதும் ஒலிக்கும் வாத்தியங்கள் இதில் இல்லை. பெயருக்கு ஒரு சின்த்தும் (செயற்கையாக ஒலி உண்டாக்குவது) ஒரு சாம்ப்ளரும் (பதிந்த ஒலியை வாத்தியம்போல் ஒலிக்க வைப்பது) உண்டு, அவ்வளவே. தம்பூரா வேண்டுமென்றால் நாமே பதிந்து சுழலவிட வேண்டும். மெனுக்களோ கல்யாண வீட்டுச் சாமான் பட்டியலைப் போல நீண்டுகொண்டே போகும். ஒரு பொருளின்மேல் வலது பக்கம் சொடுக்கினால் திரையின் மேலிருந்து கீழ் வரை கட்டளைகள் இறங்கும். இவ்வளவையும் அப்படியே கொட்டி வைப்பதைத் தாராளம் என்று சிலர் புகழ்வார்கள். நான் அதைச் சோம்பல் என்றே சொல்வேன். வேண்டியவற்றை மட்டும் ஒரு கருவிப்பட்டியில் நாமே எடுத்து வைத்துக்கொள்ளும்வரை வேலை ஓடாது.

சுருதித் திருத்தம் பற்றிய எச்சரிக்கையை விளக்க வேண்டும். உடன் வரும் ரீட்யூன் என்ற திருத்தியைத் தானியங்கி முறையில் விட்டால், நாம் தேர்ந்த ஸ்வரங்களில் எது அருகில் இருக்கிறதோ அதில் குரலை இழுத்து நிறுத்திவிடும். தோடி ராகத்தின் காந்தாரம் அசையாமல் ஓரிடத்தில் நின்றால் அது தோடியாகவே இருக்காது. அந்த அசைவைப் பிழையென்று கருதி இந்தக் கருவி சீராக வெட்டிவிடுகிறது. ரீப்பரை மட்டும் இதற்குக் குறை சொல்லவும் முடியாது. பன்னிரண்டு ஸ்தானங்களை நிலையான படிகளாக எண்ணிச் செய்த எந்தத் திருத்தியிலும் இதே கதைதான். அதற்கு மாறாகத் தாள விஷயத்தில் ரீப்பர் இணக்கமாகவே நடந்துகொள்கிறது. மிச்ர சாபுவுக்கு ஏழு தட்டு என்று வைத்து, மூன்றும் நான்குமாக அழுத்தம் விழும்படி மெட்ரோனோமை அமைக்கலாம். ஆலாபனைக்கு அதை நிறுத்திவிட்டுத் திரையில் தாளத்தைக் காட்டும் கட்டங்களையே மறைத்துவிடலாம். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைக்கும் வசதி, பாடம் செய்கிற மாணவர்களுக்கு மிக உதவும்.

நம் வீடுகளின் சத்தங்களை எப்படிச் சமாளிக்கிறது? மின்விசிறியை நிறுத்திவிட்டு மே மாதத்தில் அரை மணி நேரம் பாடச் சொன்னால் யாரும் இரண்டாம் முறை வரமாட்டார்கள். ரீஃபிர் என்ற கருவியிடம், யாரும் பாடாதபோது ஓடும் விசிறியின் ஒலியைச் சில விநாடிகள் கேட்கவிட்டால், அதைக் கணித்துக்கொண்டு பதிவு முழுவதிலிருந்தும் கழித்துவிடும். அளவுக்கு மீறிக் கழித்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகும் என்பதால் கொஞ்சம் விசிறிச் சத்தத்தை விட்டுவைப்பதே மேல். குக்கர் விசிலுக்கு மருந்தில்லை. மறுபடி பாட வேண்டியதுதான். மின்சார ரீங்காரம் இன்னும் நுட்பமானது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ரீங்காரம் 50, 100, 150 என்று ஏறும். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் குரலின் மந்தர பஞ்சமம் ஏறக்குறைய 98 ஹெர்ட்ஸ். குறிப்பிட்ட அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் ரீஇக்யூ என்ற கருவியில் 100 ஹெர்ட்ஸை அகலமாக வெட்டிய அன்று, மந்தர ஸ்தாயியில் இறங்கிய இடமெல்லாம் என் குரல் வற்றிப்போயிருந்தது. மிகக் குறுகலாக வெட்டுவது ஒரு வழி. மடிக்கணினியை சார்ஜரிலிருந்து கழற்றிவிட்டுப் பதிவதால் பெரும்பாலும் வெட்டவே தேவையில்லை என்பதைத் தாமதமாகத்தான் கண்டுகொண்டேன்.

ஏழாம் பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. ஒரே பாட்டைப் பலமுறை பாடி, ஒவ்வொரு டேக்கையும் தனிப் பாதையாக அடுக்கி, நல்ல பகுதிகளை மவுஸால் தேய்த்துத் தேர்ந்து ஒன்றாக்கும் முறை இதில்தான் ஒழுங்காக அமைந்தது. சரணத்தில் ஒரு வரியை மாற்ற இது அருமையானது. ஆலாபனையில் நான் பயன்படுத்துவதில்லை; மூச்சு எங்கே வாங்கினோம் என்பது அங்கே ராகத்தோடு சேர்ந்த ஒன்று, ஒட்டுப்போட்டால் காது உடனே கண்டுபிடித்துவிடுகிறது.

விலை 60 டாலர், அதாவது ஐந்தாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். சொந்தப் பயனுக்கும், ஆண்டு வருவாய் 20,000 டாலரைத் தாண்டாத தொழிலுக்கும் இதுவே போதும். அதற்கு மேற்பட்டவர்களுக்கு 225 டாலர். இரண்டுக்கும் மென்பொருள் ஒன்றே, எந்த வசதியும் பூட்டி வைக்கப்படவில்லை. ஒரு முறை வாங்கினால் இரண்டு பெரும் பதிப்புகள் வரை செல்லும். இப்போது வாங்குபவர் 8.99 வரை மீண்டும் கட்ட வேண்டியதில்லை. மாதச் சந்தா கிடையாது. நான் இத்தனை ஆண்டுகளில் மூன்று முறை பணம் கட்டியிருக்கிறேன். வாங்குவதற்கு முன் 60 நாள் இலவசமாகப் பார்க்கலாம். அந்தக் கெடு முடிந்த பிறகும் ரீப்பர் நின்றுவிடுவதில்லை. திறக்கும்போதெல்லாம், இன்னும் வாங்கவில்லையே என்று சில விநாடிகள் நினைவூட்டிவிட்டு வழிவிடுகிறது. முதல் இரண்டு மாதங்களில் அந்த மெனுக்களோடு ஒத்துப்போக முடியாதவர்கள் பணத்தை மிச்சம்பிடித்துக்கொள்ளலாம்.