தொண்டைப் புற்று வந்த குடும்பத்துக்கு இந்த ஸ்கிரீனிங் பேக்கேஜ் பயன்படுமா?

அப்பாவுக்கோ அண்ணனுக்கோ தொண்டைப் புற்று வந்துவிட்டால், அடுத்து நமக்குத்தானோ என்ற பயம் எழுவது இயல்பு. அந்தப் பயத்தில் பலர் பணம் கட்டும் பேக்கேஜ் ஒன்றைப் பார்ப்போம். கோலாலம்பூரில் ஒரு தனியார் மருத்துவமனை தருவது.

ரத்தம், நெஞ்சு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன் எல்லாம் ஒரே காலையில் முடிந்துவிடும். தாதியர் கனிவாகப் பேசுகிறார்கள். ஆனால் தொண்டையை யாரும் பார்ப்பதே இல்லை. புற்றின் அடையாளத்தை ரத்தத்தில் தேடும் டியூமர் மார்க்கர் பரிசோதனை 'நார்மல்' என்று வந்ததை வைத்துக் குரல்வளை நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். ஆரம்பநிலைத் தொண்டைப் புற்றைப் பிடிக்க அந்த ரத்தப் பரிசோதனை உதவாது.

படிவத்தில் 'குடும்பத்தில் புற்றுநோய்: ஆம்/இல்லை' என்று ஒரே ஒரு கேள்வி. இது போதவே போதாது. யாருக்கு, எந்த இடத்தில், எந்த வயதில் என்பதை நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். மூக்குக்குப் பின்புறம் வரும் புற்றில் ரத்த உறவின் பங்கு அதிகம். வாய், தொண்டை, குரல்வளைப் புற்றில் பெற்றோரோ உடன்பிறந்தோரோ பாதிக்கப்பட்டிருந்தால் ஆபத்து ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. அதோடு சிகரெட்டும் சம்சு என்ற மலிவு மதுவும் சேர்ந்தால் பல மடங்கு ஏறிவிடும். புகையிலை போட்ட வெற்றிலையையும் மறைக்காமல் எழுதுங்கள். ஒரு வீட்டில் தலைமுறை தாண்டி வருவது மரபணு மட்டுமல்ல, பழக்கமும்தான்.

தொண்டைக்கு வேண்டியது காது மூக்கு தொண்டை நிபுணரின் ஸ்கோப். மூக்கில் மரப்பு மருந்து அடித்து, நூடல்ஸ் தடிமனில் வளையும் குழாயை உள்ளே விடுவார்கள். 'ஈ' என்று சொல்லச் சொல்வார்கள். குரல்நாண்கள் அசைவது திரையில் தெரியும். கன்னத்தை உப்பச் சொன்னால், குரல்வளையின் பக்கவாட்டுக் குழிகளும் விரிந்து தெரியும். சில நிமிட வேலைதான். கழுத்தையும் கையால் தடவிப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள்.

அறிகுறி எதுவும் இல்லாமல், குடும்ப வரலாற்றை மட்டும் காட்டி ஆண்டுதோறும் ஸ்கோப் விற்றால் 'ஏன்?' என்று கேளுங்கள். ஆனால் மூன்று வாரம் தாண்டிய குரல் கம்மல், கழுத்தில் கட்டி, விழுங்கும்போது வலி, ஒரு பக்கக் காதுவலி இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். மலேசியக் குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக்கில் 1 ரிங்கிட்தான். அங்கே கடிதம் வாங்கிப் பெரிய மருத்துவமனைக்குப் போகலாம்.

ஸ்கோப் முடிந்த கையோடு தே தாரேக் குடிக்கப் போகவேண்டாம். மரப்பு போக ஒரு மணி நேரம் ஆகலாம். அதற்குள் குடித்தால் புரையேறலாம்.