கறுப்பு பெயின்ட்டை நம்பி ஏமாந்தேன்: ஷாக் அப்சார்பர் 'ரீகண்டிஷன்' செய்யக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

பழைய ஷாக் அப்சார்பரை, அதாவது ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஆயில் குழாயை, புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், வண்டியை விடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் என் காரின் முன்பக்கம் 'டொக் டொக்' என்று தட்டியது. ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். இரண்டு ஷாக்கிலும் ஆயில் கசிகிறது, சக்கரத்தை வண்டியின் அடிப்பகுதியோடு இணைக்கும் லோயர் ஆர்மில் புஷ்ஷும் (ரப்பர் உருளை) பால் ஜாயின்ட்டும் (பந்து மூட்டு) போய்விட்டன என்றார்கள். அதுவரை உண்மைதான். "புதுசு எதுக்கு சார்? உங்களோடதையே ஆயில் மாத்தி, சீல் போட்டுக் கொடுத்துடறோம்" என்றார் அங்கிருந்தவர். நல்ல இரும்பைத் தூக்கி எறிய எனக்கும் மனம் வராது. சரி என்றேன்.

மூன்றாவது வாரமே சத்தம் திரும்பியது. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஒரு மழைநாளில் சட்டென்று பிரேக் அடித்தபோது முன்பக்கம் குப்புற விழுவதுபோல் அமுங்கி, பிறகு எழும்பி எழும்பி ஆடியது. பின் சீட்டில் பிள்ளைகள். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஷாக்கைக் கழற்றி என் கையில் கொடுத்து, "நகத்தால சுரண்டிப் பாருங்க" என்றார். பளபளத்த கறுப்பு பெயின்ட் பொருக்குப் பொருக்காக உரிந்தது. அடியில் பழைய துரு. குழாயின் கீழ்ப்பக்கத்தில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு வெல்டிங் புடைப்பு. துளை போட்டு, ஏதோ ஆயிலை ஊற்றி, பற்றவைத்து அடைத்திருக்கிறார்கள். ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான சீலை மாற்றவே இல்லை. குழாயின் மடித்து மூடிய வாயைத் திறக்காமல் எப்படி மாற்ற முடியும்? குழாய்க்குள் போய்வரும் தண்டான ராடில் குரோம் பூச்சு போய் மிளகு மிளகாகக் குழி. ராடு போய்வரும் ஒவ்வொரு தடவையும் அந்தக் குழிகள் சீலின் உதட்டை அரம்போல் அராவிவிடும். புது சீல் போட்டிருந்தாலும் நின்றிருக்காது.

என்னுடையது கேஸ் ஷாக். உள்ளே அழுத்தத்தோடு இருக்கும் நைட்ரஜன்தான் ஆயிலை நுரை கட்டாமல் வைத்திருக்கிறது. நுரைத்துவிட்டால் ஆயில் வால்வு வழியே தடையில்லாமல் ஓடிவிடும். ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்க எதுவும் இருக்காது. துளை போட்ட கணமே அந்த கேஸ் வெளியே போயிற்று. ராடை அமுக்கிவிட்டால் நல்ல கேஸ் ஷாக்கில் அது தானாக மெல்ல எழும்பி வரும். என்னுடையது அமுக்கிய இடத்திலேயே கிடந்தது. கழற்றிச் சேர்க்கவென்றே செய்யப்பட்ட ஷாக்குகள் பந்தய வண்டிகளில் உண்டு. அவற்றில் சீலும் ஆயிலும் மாற்றி மறுபடி கேஸ் ஏற்றலாம். சாதாரண காரில் வருவது பெரும்பாலும் அந்த வகையில்லை.

பால் ஜாயின்ட்டில் செய்தது இன்னும் கொடுமை. தேய்ந்த பந்து அப்படியே இருக்க, கிரீஸை அப்பி, புது ரப்பர் உறை மாட்டிக் கம்பியால் கட்டியிருந்தார்கள். லீவர் வைத்து நெம்பியதும் லொடலொடவென்று ஆடியது. ஓடும்போது அது கழன்றால் சக்கரம் மடங்கிக்கொள்ளும். ஷாக் விஷயத்தை மன்னித்தாலும் இதை என்னால் மன்னிக்க முடியாது.

பழசு எல்லாமே குப்பை என்று நான் சொல்லவரவில்லை. என் லோயர் ஆர்ம் வளையவில்லை, துரு அரிக்கவில்லை; அதிலேயே புது புஷ்ஷையும் பால் ஜாயின்ட்டையும் பிரஸ்ஸில் அழுத்திப் போட்டார் இரண்டாவது மெக்கானிக். வண்டியை இறக்கி, எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகே புஷ் போல்ட்டை இறுக்கினார். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே நின்று சீக்கிரம் கிழியும் என்றார். ஷாக் மட்டும் இரண்டு பக்கமும் புதிது. பிறகு வீல் அலைன்மென்ட்.

பழைய ஒர்க்‌ஷாப்புக்கு அந்த ஷாக்குகளோடு போய் நின்றேன். பில்லை எடுத்துக் காட்டினார்கள். 'சஸ்பென்ஷன் வேலை' என்று ஒரே வரி. எந்தப் பாகம் புதிது, எது பழையது, எதற்கு கேரண்டி, ஒன்றும் இல்லை. பணம் கட்டும்போதே பாகம் பாகமாக எழுதித் தரச் சொல்லியிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள், ராடை அமுக்கிக் காட்டிவிட்டுத்தான் மாட்ட வேண்டும் என்றும் சொல்லுங்கள்.