ஊடுபயிர் வயலில் இலை வண்ண அட்டை: ஒரு மதிப்பீடு

ஜப்பானில் உருவான ஒரு யோசனையை எடுத்துக்கொண்டு, பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் உழவர்களிடம் கொண்டுசேர்த்த இலை வண்ண அட்டை, இலையின் பச்சை நிறத்தை வைத்துப் பயிருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) போதுமா என்று கணிக்கும், அடிப்படையில் நெல்லுக்கான கருவி. மக்காச்சோளத்துடன் தட்டைப்பயறோ உளுந்தோ ஊடுபயிராக நிற்கும் வயலில் அது எவ்வளவு உதவும் என்பதை மட்டும் இங்கே பார்க்கிறேன்.

கருவியாக இதில் குறை சொல்ல அதிகம் இல்லை. இலை நரம்பு போன்ற வரிகளுடன், வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை வண்ணப் பட்டைகள் கொண்ட பிளாஸ்டிக் அட்டை இது. மின்கலமும் வேண்டாம், பெரிய பயிற்சியும் வேண்டாம். முழுதாக விரிந்த இளம் இலையின் நடுப்பகுதியை, வெயில் நேராகப் படாதபடி நம் உடல் நிழலில் வைத்து ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே ஆள், ஏறக்குறைய ஒரே நேரத்தில் பார்ப்பது அவசியம். பத்து இலைகளில் ஆறோ அதற்கு மேலோ குறிப்பிட்ட வண்ண அளவைவிட வெளிறியிருந்தால் மேலுரம் (வளரும் பயிருக்கு இடும் உரம்) இட வேண்டும் என்பது நெல்லுக்கான வழக்கம். ஆறு பட்டை அட்டை, நான்கு பட்டை அட்டை என இரு வகைகள் இருப்பதால், கையில் உள்ள பரிந்துரை எதற்கு உரியது என்று முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். நெல்லின் அளவை மக்காச்சோளத்துக்கு அப்படியே பொருத்துவதும் தவறு.

ஊடுபயிரில்தான் சிக்கல் தொடங்குகிறது. அட்டை தானியப் பயிரின் பசியை மட்டுமே சொல்லும். அருகில் நிற்கும் பயறு தன் வேர்முடிச்சுகளில் காற்றின் தழைச்சத்தை நிலைப்படுத்துவதை அது அறியாது. அட்டை கேட்டதென்று யூரியாவை வயல் முழுவதும் விசிறினால், மண்ணில் மிகும் நைட்ரேட் (வேர் எடுத்துக்கொள்ளும் தழைச்சத்து வடிவம்) வேர்முடிச்சு உருவாவதையும் அதன் வேலையையும் தடுக்கிறது. செழித்து உயர்ந்த மக்காச்சோளத்தின் நிழல் பயறின் ஒளிச்சேர்க்கையையும் குறைத்துவிடுகிறது. இலவசமாகக் கிடைக்கவேண்டிய சத்தை விலைகொடுத்துக் கெடுப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் செயல். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து இருப்பதால், சிறு அளவு தவறான வரிசையில் விழுந்தாலும் விளைவு பெரிது. ஆகவே அட்டையின் கணிப்பை மக்காச்சோள வரிசைக்கு மட்டும் எடுத்துக்கொண்டு, செடியின் பக்கவாட்டில் மண்ணுக்குள் உரத்தை இட்டு மூடுவதே சரி. பயறுக்கு அட்டை வேண்டாம். சில செடிகளை வேருடன் எடுத்து முடிச்சுகளைப் பிளந்தால், உள்ளே இளஞ்சிவப்பாக இருப்பவை வேலை செய்கின்றன என்று அறியலாம். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால், அடுத்த விதைப்பில் ரைசோபியம் (வேர்முடிச்சை உண்டாக்கும் நுண்ணுயிர்) விதைநேர்த்தியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பயறு நிலைப்படுத்தும் சத்து அதே பருவத்தில் மக்காச்சோளத்துக்கு நிறையப் போய்ச்சேரும் என்று நம்பி மேலுரத்தைப் பாதியாக்குவோரும் உண்டு. அதில் பெரும்பகுதி, வேரும் தழையும் மண்ணில் மட்கிய பின் அடுத்த பயிருக்கே கிடைக்கிறது. இந்த இடத்தில் அட்டை மிக நேர்மையான துணை: ஊகத்தில் உரத்தைக் குறைத்தவருக்கு, இலை வெளுப்பதை அறுவடைக்கு வெகுமுன்பே காட்டிவிடும்.

கந்தகம், துத்தநாகம், இரும்பு ஆகியவற்றின் குறையாலும், நீர் தேங்குவதாலும் இலை வெளுக்கும். அந்த வேறுபாட்டை அட்டை பிரித்துச் சொல்லாது. அடியிலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறை என்றும், இளம் இலைகள் முதலில் வெளுத்தால் கந்தகமோ இரும்போ குறைந்திருக்கலாம் என்றும் செடியைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. இந்த எல்லைகளை அறிந்து பயன்படுத்துவோருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். விசிறி உரமிடும் பழக்கத்தை மாற்ற விரும்பாதவர்களுக்கு ஊடுபயிர் வயலில் இந்த அட்டையால் பயன் குறைவு.