ஃப்ரீலான்ஸ் வெப் டெவலப்பருக்கு கிளையண்ட் எங்கிருந்து வருகிறார்? பல வருட அனுபவம்

அப்வொர்க், ஃபைவர் போன்ற ஆன்லைன் வேலைத் தளங்கள், ஏஜென்சிகள், நேரடி மெயில், பழைய கிளையண்டின் பரிந்துரை என்று எல்லா வழியிலும் வேலை பிடித்துப் பார்த்திருக்கிறேன். இன்று என்னிடம் நிலையாக இருக்கிற கிளையண்ட்களில் பெரும்பாலானவர்கள் முதலில் ஒரு சின்னப் பழுதுக்காக வந்தவர்கள். காண்டாக்ட் ஃபார்மிலிருந்து மெயில் போகவில்லை, அப்டேட் செய்ததும் செக்அவுட் (பணம் கட்டும் பக்கம்) நின்றுவிட்டது, இந்த மாதிரி. புது சைட் கட்டிக் கொடுத்தவர்களில் பலர் சைட் லைவ் ஆனதோடு போய்விட்டார்கள். அதனால் எந்தத் தளத்தில் தேடினாலும் பழுது வேலையைத்தான் முதலில் தேடுகிறேன்.

அப்வொர்க்கிலிருந்து தொடங்குகிறேன். ஈலான்ஸும் ஓடெஸ்க்கும் இணைந்து, 2015இல் இந்தப் பெயருக்கு வந்தது. 2016இல் ஒரு கிளையண்டிடம் முதல் 500 டாலர் வரை 20 சதவீதம், 10,000 டாலர் வரை 10, அதற்கு மேல் 5 என்று கமிஷன் வைத்தார்கள். ஒரே கிளையண்டிடம் நீண்ட நாள் வேலை செய்கிறவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு. 2023இல் எல்லாருக்கும் 10 என்று ஆக்கினார்கள். 2025 மே முதல் புது ஒப்பந்தங்களுக்கு 0 முதல் 15 சதவீதம் வரை மாறுகிறது. ரேட் சொல்வதற்கு முன் அந்த வேலைக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்று பார்த்துவிடுங்கள்.

விண்ணப்பிக்கவே கனெக்ட் என்ற டோக்கன் வாங்க வேண்டும், ஒன்று 0.15 டாலர். ஒரு வேலைக்கே பத்துக்கு மேல் கேட்பது சகஜம். கண்ணில் பட்டதற்கெல்லாம் விண்ணப்பித்தால் கட்டுப்படியாகாது. நான் பார்ப்பது: பேமெண்ட் வெரிஃபை ஆகியிருக்கிறதா, இதற்கு முன் போட்ட வேலைகளுக்கு ஆள் எடுத்திருக்கிறாரா, வேலை செய்தவர்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார். இந்த மூன்றாவதுதான் நிறையச் சொல்லும். எல்லா டெவலப்பரையும் குறை சொல்லியிருந்தால் நகர்ந்துவிடுகிறேன். 'அனுபவமுள்ள டெவலப்பர் தேவை' என்று ஒற்றை வரியில் இருந்தாலும் அப்படியே. வந்த எரர் மெசேஜை அப்படியே ஒட்டியிருக்கிற பதிவு கிடைத்தால் உடனே எழுத உட்காருகிறேன்.

கிளையண்டின் பட்டியலில் ப்ரொபோசலின் (நாம் அனுப்பும் விண்ணப்பத்தின்) ஆரம்ப வரிகள் மட்டுமே தெரியும். அங்கே வணக்கமும் அனுபவக் கணக்கும் எழுதி இடத்தை வீணாக்க வேண்டாம். பிரச்சினை எங்கே இருக்கலாம் என்று எழுதுங்கள். வூகாமர்ஸ் (சைட் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸில் கடை நடத்த உதவும் ப்ளக்இன்) கடையில் ஒருவர் கார்ட்டில் போட்டது இன்னொருவருக்குத் தெரிகிறது என்றால், 'கார்ட், செக்அவுட், மை அக்கவுண்ட் பக்கங்கள் கேஷில் (வேகத்துக்காகச் சேமித்து வைக்கும் நகலில்) சேர்கிறதா என்று முதலில் பார்ப்பேன், சேர்ந்தால் மூன்றையும் விலக்க வேண்டும்' என்று தொடங்குவேன். மெயில் போகவில்லை என்றால், சர்வரே நேரடியாக அனுப்புகிறதா எஸ்எம்டிபி என்கிற தனி மெயில் சேவை வழியாகப் போகிறதா, டொமைனில் மெயில் உண்மையானது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகள் இருக்கிறதா என்று கேட்பேன். 2024 பிப்ரவரியில் ஜிமெயிலும் யாஹூவும் மெயில் அனுப்புகிறவர்களுக்கான விதிகளை இறுக்கிய பிறகு இந்த வேலை நிறைய வந்தது. இவ்வளவு சொல்லிவிட்டால் அவரே செய்துகொள்ள மாட்டாரா என்று கேட்பார்கள். செய்யத் தெரிந்தவர் வேலையைப் பதிவிடவே மாட்டார்.

முதல் வேலையை ஃபிக்ஸட் விலையில், ஒரே மைல்ஸ்டோனாக (ஒரே கட்டமாக) எடுப்பேன். பணம் எஸ்க்ரோவுக்கு (வேலை முடியும்வரை தளம் பிடித்து வைக்கும் கணக்குக்கு) வராமல் சைட்டைத் தொடுவதில்லை. வேலையைச் சமர்ப்பித்த பிறகு கிளையண்ட் ஒன்றும் சொல்லாவிட்டால் 14 நாளில் பணம் தானாக விடுவிக்கப்படும். இன்னொன்று, அப்வொர்க்கில் அறிமுகமான கிளையண்டிடம் இரண்டு வருடம் வரை அதன் வழியாகத்தான் பணம் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் தனிக் கட்டணம் உண்டு. அதை மதிப்பது நல்லது. கணக்கு போனால் சேர்த்து வைத்த ரிவ்யூவும் போய்விடும்.

ஃபைவர் 20 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. சைட்டை வேறு ஹோஸ்டிங்குக்கு மாற்றுவது போல அளவு தெரிந்த வேலைக்குச் சரி. பேசிப் பேசி முடிவெடுக்க வேண்டிய வேலைக்கு எனக்கு ஒத்து வரவில்லை.

அதிகம் பேசப்படாத வழி டிசைன் ஏஜென்சிகள். டிசைனர் இருப்பார், டெவலப்பர் இருக்க மாட்டார், அல்லது இருக்கிறவருக்கு வேலை தலைக்கு மேல் இருக்கும். ரேட் கொஞ்சம் குறைவு, ஆனால் கிளையண்டைத் தேடுவதும் சமாளிப்பதும் அவர்கள் பாடு. டிசைன் கருவியான ஃபிக்மாவின் ஃபைல் தெளிவாக வரும். இங்கேயும் முதலில் ஒரு பழுதை, ஒரு நாள் வேலையை வாங்கி, சொன்ன நேரத்தில் முடித்துக் கொடுங்கள். அடுத்த சைட் தானாக வரும். ஒப்பந்தத்தில் இரண்டு வரி அவசியம். அவர்களுடைய கிளையண்ட் பணம் தந்தாலும் தராவிட்டாலும் என் இன்வாய்ஸுக்குத் தேதி உண்டு என்பது ஒன்று. ஓர் ஏஜென்சி 'எங்களுக்கே இன்னும் வரவில்லை' என்று மாதக்கணக்கில் இழுத்தது. அதனால் இந்த வரி இல்லாமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. முடித்த வேலையை போர்ட்ஃபோலியோவில் காட்டலாமா என்பது மற்றொன்று.

முன்பின் தெரியாதவர்களுக்கு 'உங்கள் சைட் மெதுவாக இருக்கிறது' என்று கூகுளின் பேஜ்ஸ்பீட் கருவி தரும் வேக மதிப்பெண்ணை அனுப்புவதில் பயனில்லை. அந்த மாதிரி மெயில் அவர்களுக்குத் தினமும் வருகிறது. தேதி இருக்கிற விஷயத்துக்குப் பதில் வரும். சைட்கள் ஓடும் நிரல்மொழியான பிஎச்பியின் 7.4 பதிப்புக்கான பாதுகாப்பு அப்டேட் 2022 நவம்பரோடு நின்றது. பழைய கூகுள் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1இல் புதுத் தகவல் சேர்ப்பதை நிறுத்தியது. இப்படி ஒரு தேதி வரும்போது முதலில் பழைய கிளையண்ட்களுக்கு எழுதினேன். உங்கள் சைட்டில் எது பாதிக்கும், சரிசெய்ய எவ்வளவு ஆகும், அவ்வளவுதான். விட்டுப்போன தொடர்புகள் பல அதில் திரும்ப வந்தன. சிலர் வேறு கடைக்காரர்களிடமும் என்னைச் சொன்னார்கள்.

பழுது சரியான அன்றே மாதப் பராமரிப்பைப் பற்றிப் பேசுவது என் வழக்கம். ப்ளக்இன் அப்டேட்டை ஸ்டேஜிங்கில் (சைட்டின் சோதனை நகலில்) பார்த்துவிட்டுப் போடுவது, பேக்கப் எடுப்பது, அதை உண்மையிலேயே ரீஸ்டோர் செய்து பார்ப்பது, மாதக் கடைசியில் ஒரு பக்கத்தில் என்ன செய்தேன் என்று அனுப்புவது. அந்த ஒரு பக்கத்தைத் தவறவிடாதீர்கள். எதுவும் உடையாத மாதத்தில் நாம் வேலை செய்தோம் என்பது கிளையண்டுக்கு வேறு எப்படியும் தெரியாது.

அப்வொர்க் ப்ரொஃபைலை இன்னும் மூடவில்லை. வேர்ட்பிரஸின் பெரிய பதிப்பு வெளியாகிற வாரங்களில் உடைந்த சைட்கள் வரிசையாக வரும். என் கனெக்ட் எல்லாம் அந்த வாரங்களுக்குத்தான்.