பிரதிக்கிரமண ஆப்: பாடம் படிக்க அருமை, அந்த ஒரு பட்டன் மட்டும் வேண்டாம்

சமணர்களின் பர்யூஷண் நோன்பு நாட்கள் வருகிறதே என்று, பிரதிக்கிரமணம் (செய்த தவறுகளை நினைத்து வருந்தி மன்னிப்புக் கேட்கும் வழிபாடு) படிக்க வீட்டுப் பிள்ளைகளுக்காக இந்த ஆப்பை இறக்கினேன். தமிழ் மட்டுமே சரளமாக வாசிக்கிற பிள்ளைகள், குஜராத்திப் புத்தகத்தைக் கையில் கொடுத்து பர்யூஷணின் கடைசி நாளான சம்வத்சரி அன்று 3 மணி நேரம் உட்காரச் சொன்னால் பாவம் என்ன செய்வார்கள்? இதில் வழிபாட்டில் சொல்ல வேண்டிய சூத்திரமெல்லாம் தமிழ் எழுத்திலேயே இருக்கிறது, ஒலி ஓட ஓட வரி நிறம் மாறுகிறது, தொட்டால் அந்த வரியை மட்டும் திரும்பச் சொல்கிறது.

சாத் லாக் (‘ஏழு லட்சம்’) சூத்திரப் பக்கத்துக்காகவே இதை வைத்திருக்கலாம். மண்ணுயிர் 7 லட்சம், நீருயிர் 7 லட்சம், நெருப்பு, காற்று என்று போய் மனிதர் 14 லட்சத்தில் முடிந்து, ஆக 84 லட்சம் பிறவி வகைகள். இவற்றில் எதையாவது கொன்றிருந்தாலும், கொல்ல வைத்திருந்தாலும், கொன்றதைச் சரி என்று மனதால் நினைத்திருந்தாலும் மிச்சாமி துக்கடம் (என் தவறு பலனற்றுப் போகட்டும்) என்று பொருளும் பக்கத்திலேயே எளிய தமிழில். பிள்ளைகள் அப்புறம் கேட்ட கேள்விகள் நிறைய.

காயோத்சர்கப் பகுதிதான் சரியில்லை. சம்வத்சரியில் 40 லோகஸ்ஸ (தீர்த்தங்கரர் துதி), ஒரு நவகார் (வணக்க மந்திரம்) மனதுக்குள் சொல்ல வேண்டும், அதை எண்ணத் திரையைத் தட்டச் சொல்கிறார்கள். உடம்பை அசைக்காமல் இருப்பதுதானே காயோத்சர்கம்? பிரதிக்கிரமணத்துக்காக சாமாயிகத்தில் (மனதைச் சமநிலையில் வைக்கும் விரதம்) உட்கார்ந்தால் மின்சாரப் பொருளையே தொடக்கூடாது, அதில் இருக்கும் நெருப்புயிருக்குத் துன்பம். ஆக இது முன்கூட்டிப் பாடம் பண்ண மட்டும்தான், அதை முதல் பக்கத்திலேயே போட்டிருக்க வேண்டும்.

அப்புறம் அந்த பட்டன். ஒரே தட்டலில் போனில் உள்ள அத்தனை பேருக்கும் தாமரைப் படத்தோடு மிச்சாமி துக்கடம் போய்விடுகிறது, பேச்சுவார்த்தை இல்லாத சொந்தத் தம்பிக்கும் கேஸ் ஏஜென்சிக்கும் ஒரே படம். எனக்கு இது மனதாரப் பிடிக்கவில்லை. ஒரு வருடம் தாண்டியும் கோபத்தை விடாமல் வைத்திருந்தால் அது அனந்தானுபந்தி (முடிவில்லாமல் பிறவியில் கட்டிப்போடும் கோபம்) ஆகிவிடும் என்றுதானே வருடத்துக்கு ஒரு சம்வத்சரி? யாரிடம் மனத்தாங்கலோ அவர் பெயரை மட்டும் கேட்டு, நேராக அவருக்கு போன் போட வைக்கிற மாதிரி மாற்றுங்கள், செய்பவர்கள் படித்தால் தயவுசெய்து.

இது ஸ்வேதாம்பர மூர்த்திபூஜக் (வெள்ளாடைத் துறவிகள் மரபில் சிலை வழிபடும் பிரிவு) முறைப்படி உள்ளது. அதே மரபில் சிலை வழிபடாத ஸ்தானகவாசிகளுக்குப் பாடம் ஒத்துவராது, தமிழ்ச் சமணர் உட்பட திகம்பர வீடுகளுக்கு தசலட்சணமும் (அவர்களின் பத்து நாள் விழா) க்ஷமாவணியும் (மன்னிப்புக் கேட்கும் நாள்) இதில் இல்லவே இல்லை. மற்றவர்கள் இப்போதே இறக்கி ஆரம்பியுங்கள், பர்யூஷணின் 8 நாளில் புதிதாகப் படிக்க நேரம் போதாது.