கம்பம் பள்ளத்தாக்குல ‘ஆற்றங்கரைக் கூடாரம்’: 21,600 ரூபாய் போச்சு, நீங்களும் விட்டுடாதீங்க

நேத்து ராத்திரிதான் திருப்பூர் வந்து சேர்ந்தோம். துணிப் பையைக்கூட இன்னும் பிரிக்கலை. கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடணும். ஆறிட்டா ‘போகட்டும் விடு’ன்னு நானே விட்டுடுவேன், எங்களை ஏமாத்தினவனுக்கு வேண்டியதும் அதுதான். போனது 21,600 ரூபாய். இந்த மாதிரி இடங்களுக்குப் பணம் கட்டறதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்னு கடைசியில வரிசையா எழுதறேன், முழுசாப் படிங்க.

ஆயுத பூஜை லீவுக்கு எங்கயாவது போலாம்னு வீட்டுல பேச்சு வந்தது. ஊட்டி, கொடைக்கானல்னா கூட்டம் தாங்காது. கம்பம் பள்ளத்தாக்குன்னு நான்தான் சொன்னேன். கல்யாணத்துக்கு முந்தி தேக்கடி போறப்ப பஸ் ஜன்னல்ல பார்த்தது. ரெண்டு பக்கமும் மலை, நடுவுல முல்லைப் பெரியாறு, கரையெல்லாம் நெல்லு, தென்னை, திராட்சைப் பந்தல். அது மனசுலயே நின்னுபோச்சு.

தங்கற இடம் பதிவு பண்ற ஒரு ஆப். பேர் சொல்லலை. வக்கீல் நோட்டீஸ் வந்தா பதில் போட என்கிட்ட இனிமே காசு இல்லை. உங்க போன்லயும் அந்த மாதிரி ஒண்ணு இருக்கும். அதுல ‘திராட்சைத் தோட்டத்துக்குள்ள ஆற்றங்கரைக் கூடாரம்’னு ஒரு இடம், 4.8 நட்சத்திரம். ரெண்டு ராத்திரி, சாப்பாடு, மேகமலை ஜீப், சுருளி அருவிக் குளியல் எல்லாம் சேர்த்துத் தலைக்கு 4,000. நான், வீட்டுக்காரர், அத்தை, என் தம்பி, ரெண்டு பசங்க, ஆக 24,000. விசாரிக்கன்னு அமுக்கின பத்தாவது நிமிசம் அந்த இடத்துக்காரன்னு ஒருத்தன்கிட்ட இருந்து போன் வந்துடுச்சு.

நான் ஏமாந்தது அந்த போன்லதான். காசைப் பத்தியே அவன் பேசலை. “பெரியவங்க யாரும் வாராங்களாக்கா?”ன்னு கேட்டான். அத்தைக்கு முட்டி வலி, கீழே உட்கார்ந்தா எந்திரிக்க முடியாதுன்னு சொன்னேன். “எங்கம்மாவுக்கும் அதே கதைதான்க்கா. கட்டில் போட்டுத் தாரேன். ஒண்ணு மட்டும் முன்கூட்டியே சொல்லிருறேன், நம்மகிட்ட வெஸ்டர்ன் டாய்லெட் கிடையாது. ஆனா அம்மாவுக்கு வாங்கின ஓட்டை நாற்காலி வீட்டுல இருக்கு, நீங்க வாரன்னைக்கு எடுத்தாந்து போட்டுருறேன்”னான்.

ஓட்டை நாற்காலி! ஏமாத்தறவனா இருந்தா எல்லாம் இருக்குன்னுல்ல சொல்லியிருப்பான்? இவன் இல்லைன்னு சொன்னான். அந்த ‘இல்லை’லதான் நான் விழுந்தேன். போனை வெச்சுட்டு வீட்டுக்காரர்கிட்ட “பாருங்க, எத்தனை ஒழுக்கமான பையன்”னு வேற சொன்னேன். இப்ப அந்த வார்த்தையை அவர் தினம் ரெண்டு தடவை எனக்கே திருப்பிச் சொல்றார்.

மறுநாளும் கூப்பிட்டான், அம்மாவுக்குக் காலையில இட்லியா கஞ்சியான்னு கேட்க. அதுக்கும் மறுநாள்தான் காசுப் பேச்சு. “ஆப்புல கட்டினா கம்பெனிக்காரன் கமிஷனைப் பிடிச்சுக்கிட்டு மிச்சத்தை எப்பவோ தாரான்க்கா. அங்க கேன்சல் பண்ணிட்டு எனக்கே நேரா போட்டு விடுங்க. பத்து பர்சன்ட் குறைச்சுக்கிறேன், 21,600 போதும்.” க்யூஆர் அனுப்பினான். ஸ்கேன் பண்ணா வேற பேர் காட்டுச்சு. கேட்டேன். “மச்சினன் கணக்குக்கா.” சரின்னு பின் நம்பர் போட்டேன். ஆப்புல கேன்சலை அமுக்கினதும் இதே கட்டை விரல்தான்.

பத்தொன்பது நாள் கழிச்சு, விடியக்காலம் நாலு மணிக்குக் கிளம்பினோம். தாராபுரம், ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி. கம்பம் தாண்டி சுருளிப்பட்டிப் பக்கம் அவன் அனுப்பின லொக்கேஷன் ஒரு மண் தடத்துல கொண்டு போய் விட்டுது. ஆறும் இல்லை, கூடாரமும் இல்லை. தலைக்கு மேல திராட்சைப் பந்தல், அதுக்குக் கீழே குனிஞ்சு நின்னுட்டு ஒரு வயசான அம்மா சின்னக் கத்தரிக்கோலால கொத்துக் கொத்தா வெட்டி, பேப்பர் விரிச்ச கூடையில அடுக்கிட்டு இருந்தாங்க. கத்தரிக்கோலைப் பிடிச்ச விரல் ரெண்டும் ஊதா நிறம். எங்களைப் பார்த்ததும் கேள்வியே கேட்கலை. “கூடாரமா தாயி? இங்கன அப்படி ஒண்ணுமே கெடையாது. இந்த மாசத்துல நீங்க மூணாவது வண்டி.”

மூணாவது வண்டி! அவங்க தோட்டத்துல எவனோ புள்ளி வெச்சு அனுப்பிட்டு இருக்கான், அவங்களுக்கு அது எப்படின்னுகூடப் புரியலை. மோட்டார் ரூம்ல முருகன் படத்துக்குப் பக்கத்துலயே, முல்லைப் பெரியாறு அணை கட்டின இன்ஜினியர் பென்னிகுவிக் படம் மாட்டியிருந்தது. அங்கதான் அத்தையை ஒரு மூட்டை மேல உட்கார வெச்சோம். பசங்களுக்கு ரெண்டு கொத்து குடுத்தாங்க, காசு நீட்டினா வாங்கலை. பன்னீர் திராட்சை. 2023ல புவிசார் குறியீடு கிடைச்சுதே, அதேதான். தித்திப்பா இருந்துச்சு, எனக்குத்தான் தொண்டையில இறங்கலை.

அவனுக்குப் போன் போட்டா முதல் தடவை எடுத்தான். “வந்துட்டீங்களாக்கா? பத்தே நிமிசம், பையனை அனுப்புறேன்.” பதினொண்ணரைக்கு “வண்டி பஞ்சர்க்கா.” பன்னெண்டரைக்கு எடுக்கலை. ஒரு மணிக்கு ஸ்விட்ச் ஆஃப்.

ஆப்புல புகார் போட்டேன். ‘உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்’. அப்புறம், ‘இந்த முன்பதிவு விருந்தினரால் ரத்து செய்யப்பட்டுள்ளது’. விருந்தினர் நான்தானாம்! 21,600 குடுத்திருக்கேன்னு அடிச்சேன், ஸ்கிரீன்ஷாட் போட்டேன். ‘ஆப்புக்கு வெளியே நடந்த பரிமாற்றத்துக்கு நாங்கள் பொறுப்பாக முடியாது.’ சரி சாமி, என் காசை விடுங்க, அவனை உங்க பட்டியல்ல இருந்து தூக்குவீங்களான்னு கேட்டேன். ‘உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்’னு வந்துது. கடைசியில, இந்த உரையாடலுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீங்கன்னு ஒரு கேள்வி. போனை ஆத்துல எறியலாம்னு பார்த்தா பக்கத்துல ஆறும் இல்லை.

அங்கிருந்தே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடிச்சேன். பொறுமையாத்தான் கேட்டாங்க, பரிவர்த்தனை எண் வாங்கிப் பதிவும் பண்ணிக்கிட்டாங்க. ஆனா பணம் போன சில மணி நேரத்துக்குள்ள சொல்லியிருந்தா அது போய்ச் சேர்ந்த கணக்குலயே முடக்க வாய்ப்பு இருந்திருக்கும், பத்தொன்பது நாள்ல அது எங்கெங்கயோ போயிருக்கும்னாங்க. இன்னிக்குக் காலையில பேங்க்ல, “நீங்களே பின் போட்டு அனுப்பினது மேடம்”னு ஒரே வரி. எங்க ஏரியா ஸ்டேஷன்ல “கம்பத்துல நடந்ததுன்னா அங்கல்ல குடுக்கணும்”னாங்க. பணம் போனது திருப்பூர்ல என் சமையல்கட்டுல இருந்துங்க, அதை யார்கிட்டச் சொல்ல?

ஒழுங்கா யோசிச்சிருந்தா அவன் சொன்னதுல பாதி நடக்காத காரியம்னு போன்லயே தெரிஞ்சிருக்கும். ராத்திரி தேனி லாட்ஜ்ல உட்கார்ந்து தம்பி ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டினான். போட்டோவுல கூடாரத்துக்குப் பின்னாடி பைன் மரம். கம்பத்து ஆத்தங்கரையில பைன் மரமா? நட்சத்திரம் போட்டவங்கள்ல ஒருத்தர் ‘கடல் காத்து அருமை’ன்னு எழுதியிருக்கார். இதை நான் படிச்சிருக்கேன், படிச்சுட்டும் தாண்டிப் போயிருக்கேன்!

மேகமலைக்கு ‘நைட் சஃபாரி’ன்னான். சின்னமனூர்ல இருந்து ஏறுற அந்த ரோட்டுல 18 கொண்டை ஊசி வளைவு, அடிவாரத்துல வனத்துறை செக்போஸ்ட். இருட்டினப்புறம் சுற்றுலா வண்டியை மேலே விடறதில்லை. 2021ல ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமா அறிவிச்ச காடு அது, நைட் சஃபாரிக்கு அங்க யார் ஜீப் விடுவாங்க? சுருளியில குளியல் ‘உறுதி’ன்னான். நாங்க போனப்ப மேலே மழை, தண்ணி செம்மண்ணா இறங்குது, குளிக்கத் தடை. யானை வந்து நின்னாலும் அடைச்சுடுவாங்களாம். அந்த அருவியை இவன் எப்படி உறுதி குடுத்தான்?

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. தம்பிகிட்டத் தனியா, “குரங்கணி மலையேத்தம் வேணும்னா சொல்லுங்கண்ணே, பர்மிஷன் எல்லாம் நம்ம பையன் பார்த்துக்குவான்”னு சொல்லியிருக்கான். 2018 மார்ச் 11 அன்னைக்கு அந்த மலையில காட்டுத்தீயில சிக்கினவங்களை நினைச்சுப் பாருங்க, இருபதுக்கும் மேல உயிர் போச்சு. அதுக்கப்புறம் மலையேத்தத்துக்குன்னு தனி விதியெல்லாம் கொண்டு வந்தாங்க. 2024 அக்டோபர்ல இருந்து அரசே தனி இணையதளம் வெச்சுப் பதிவு பண்ண விடுது, காட்டுத்தீ சீசன்ல அதையும் நிறுத்திடறாங்க. இவன் நிஜமாவே ஆளை அனுப்பி தம்பியை ஏத்தி விட்டிருந்தா? நினைச்சா வயித்தைக் கலக்குது.

அன்னைக்குச் சாயங்காலம் அத்தைதான் “வந்தது வந்துட்டம், எதையாச்சும் பார்த்துட்டுப் போலாம்”னாங்க. லோயர் கேம்ப் போனோம். மலைச் சரிவுல மின் நிலையத்துக்கு இறங்குற ராட்சசக் குழாய்களைப் பார்த்துப் பசங்க வாயைப் பிளந்தாங்க. மேற்கே கேரளாப் பக்கம் ஓடின தண்ணியை 1895ல அணை கட்டி, மலையைக் குடைஞ்சு கிழக்கே திருப்பின கதையை வீட்டுக்காரர் சொன்னார். அணைக்காக பென்னிகுவிக் சொந்தச் சொத்தை வித்தார்னு அந்த ஊர்க்காரங்க சொல்றதையும் சேர்த்துச் சொன்னார். அங்க இருக்கற அவர் மணிமண்டபத்துல அத்தை பென்னிகுவிக் சிலைக்கு முன்னாடி கையெடுத்துக் கும்பிட்டு, சத்தமாவே, “உங்க தண்ணி பாயுற ஊர்ல ஒருத்தன் எங்க 21,600ஐத் தூக்கிட்டான் சாமி, கொஞ்சம் கேளுங்க”ன்னாங்க. பக்கத்துல நின்னவங்க சிரிச்சாங்க. இதுவரைக்கும் நாங்க குடுத்த புகார்லயே ‘இங்க இல்லை, அங்க போங்க’ன்னு சொல்லாத இடம் அது ஒண்ணுதான்.

லீவுங்கறதால கம்பத்துல ரூம் இல்லை. தேனியில கேட்ட வாடகையைக் குடுத்து ஒரு ராத்திரி. அதைக் கணக்குல சேர்க்கலை.

வரிசையா எழுதறேன்னு சொன்னேன், சின்னவ பசிக்குதுன்னு அழறா, சுருக்கமா: ஆப்பை விட்டு வெளியே வந்து யாருக்கும் பணம் போடாதீங்க. ‘நீங்களே கேன்சல் பண்ணுங்க’ன்னு சொன்னா அதோட போனை வைங்க. க்யூஆர்ல வேற பேர் வந்தா வேண்டாம். ஏமாந்தது தெரிஞ்ச அந்த நிமிசமே 1930. ஆப்காரங்க கையை விரிச்சா நுகர்வோர் உதவி எண் 1915, நான் நாளைக்குத்தான் அடிக்கப் போறேன். இன்னும் இருந்துச்சு, மறந்துபோச்சு.

இதை முடிக்கறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தை ஒரு தடவை திறந்து பார்த்தேன். அப்படியே இருக்கு. அதே பைன் மரம். ‘தீபாவளிச் சலுகை, இன்னும் 2 கூடாரம்தான் மிச்சம்’னு போட்டிருக்கான். 24,000ஐ அடிச்சுட்டு, பக்கத்துல சிவப்புல 21,600.