ஒரே டப்பா, நான்கு வழி: அளவை மாற்றும்போது எது தாங்குகிறது?

3டி பிரிண்டர் வைத்திருப்பவர்கள் சீக்கிரமே வந்து நிற்கும் இடம் டப்பா. ஒரு கட்டை, அதற்குள் ஒரு குழி, வேலை முடிந்தது. அடுத்த வாரம் அதே டப்பா கொஞ்சம் நீளமாக, இன்னொரு அறையோடு வேண்டும் என்று வரும்போதுதான், எதில் வரைந்தோம் என்பது உறைக்கும்.

அதனால் டிங்கர்கேட், ஓப்பன்எஸ்கேட், ஃப்ரீகேட் என்ற மூன்று வரைமென்பொருள்களையும் கிரிட்ஃபினிட்டி என்ற ஆயத்த முறையையும் எடுத்து, வரைவது சுலபமா என்று பார்க்காமல், மாற்றுவது சுலபமா என்று பார்த்தேன். எடுத்துக்கொண்டது திருகு போட்டுவைக்கும் டப்பா. உள்ளளவு 80 × 50 × 30 மி.மீ., சுவர் 1.2 மி.மீ. (பிளாஸ்டிக் வழியும் முனையான நாசில் 0.4 என்றால் மூன்று கோடு), நடுவில் இரண்டு தடுப்பு, கவிழ்த்து மூடும் மூடி. வரைந்து முடித்ததும் நீளத்தை 110 ஆக்கி, தடுப்பை மூன்றாக்க வேண்டும்.

டிங்கர்கேடில் முதல் டப்பா சீக்கிரம் வந்துவிட்டது. பிரவுசரிலேயே வேலை நடக்கும், கற்றுக்கொள்ளவும் அதிகம் இல்லை. ஆனால் குழுவாக்கிய வடிவத்தைப் பிடித்து நீட்டினால் சுவரும் சேர்ந்து நீளும். 82.4 ஆக இருந்த வெளிநீளத்தை 112.4 ஆக்கியதில், 1.2 ஆக இருந்த பக்கச்சுவர் 1.64 ஆகிவிட்டது. சரிசெய்யக் குழுவைப் பிரித்து ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். ஒரே ஒரு டப்பா போதும் என்றால் இது தாராளமாகப் போதும். அதற்கு மேல் வேண்டாம்.

ஓப்பன்எஸ்கேட் நேர் எதிர். இதில் மவுஸால் வரைய எதுவுமில்லை, எழுத வேண்டும். உள்நீளம், உள்ளகலம், சுவர், தடுப்பு எண்ணிக்கை என்று மேலே நாலைந்து மாறிகள், அதாவது பெயரிட்ட எண்கள். வெளியளவு எல்லாம் அவற்றிலிருந்து கணக்காகி வரும். தடுப்புகளை ஒரு ஃபார் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை) போட்டுவிடும். 80-ஐ 110 ஆக்கினேன், 2-ஐ 3 ஆக்கினேன், முடிந்தது. சுவர் அப்படியே 1.2. மாறியின் பக்கத்தில் கமென்ட்டாகச் சதுர அடைப்புக்குள் குறைந்த அளவும் கூடிய அளவும் எழுதிவிட்டால், கஸ்டமைசர் பலகத்தில் அது ஸ்லைடராகவே வந்துவிடும். நிரல் எழுதத் தெரியாதவரிடமும் கோப்பைக் கொடுத்து ‘உனக்கு வேண்டிய அளவு போட்டுக்கோ’ என்று விட்டுவிடலாம்.

எரிச்சலும் உண்டு. குழி வெட்டும் கட்டை டப்பாவின் மேல்விளிம்போடு சரியாக ஒட்டி நின்றால், முன்னோட்டத்தில் அந்த முகம் மினுங்கிக்கொண்டே இருக்கும், ஒரு 0.01 மி.மீ. மேலே துருத்தவிட வேண்டும். அப்புறம் மூலை உருட்டல். பலரும் மின்கோவ்ஸ்கிக்கு (ஒரு வடிவத்தை இன்னொன்றின் விளிம்பெங்கும் ஓட்டி உருட்டும் கட்டளை) போவார்கள்; 2021 வெளியீட்டில் அது உயிரை வாங்கும். நான்கு மூலையில் நான்கு உருளை வைத்து ஹல் (எல்லாவற்றையும் சுற்றி ஒரே உறையாக்கும் கட்டளை) போட்டால் அதே வேலை நொடியில் நடக்கும். பின்னால் வந்த மேம்பாட்டுப் பதிப்புகளில் மேனிஃபோல்ட் என்ற புதிய கணக்கு இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தால் வேகம் பல மடங்கு கூடுகிறது.

மூடிதான் உண்மையான பரீட்சை. என் முதல் மூடியின் உள்ளளவும் டப்பாவின் வெளியளவும் இம்மி பிசகாமல் ஒன்று. திரையில் கச்சிதம், கையில் ஏறவே இல்லை. பக்கத்துக்கு 0.2 இடைவெளி விட்டேன், இறுக்கமாக ஏறியது. 0.3 விட்டதும் ஒரு கையால் திறக்க முடிந்தது. இந்த எண் பிரிண்டருக்குப் பிரிண்டர் மாறும் என்பதால், அதை ஒரே இடத்தில் மாற்ற முடிகிறதா என்பதே எனக்கு முக்கியம்.

ஃப்ரீகேடிலும் முடியும். அளவுகளை ஸ்ப்ரெட்ஷீட்டில் பெயரிட்டு வைத்து, ஸ்கெட்ச்சை (தட்டையான அடிவரைவை) அவற்றோடு கட்டிவிடலாம். விளிம்பை வழவழப்பாக்குவது, கொக்கி, கீல் என்று போகும்போது ஓப்பன்எஸ்கேட் இதற்குப் பக்கத்தில்கூட வராது. மற்றப் பொறியியல் மென்பொருள்களும் திறக்கும் ஸ்டெப் கோப்பாக ஏற்றுமதியும் செய்யலாம். ஆனால் அறையைக் கூட்டினால் விளிம்புகளுக்கு மென்பொருள் வைத்த உள்பெயர் மாறி, உருட்டல் வேறு இடத்தில் போய் உட்காரும் தொல்லை இதற்குப் பழையது. 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பு அதைப் பெரிதும் குறைத்திருக்கிறது, அடியோடு ஒழிக்கவில்லை. நான் உருட்டலைக் கடைசியில்தான் போடுகிறேன்.

வரையவே வேண்டாம் என்பவர்களுக்கு கிரிட்ஃபினிட்டி. 2022-ல் யூடியூபர் ஸாக் ஃப்ரீட்மன் வெளியிட்ட முறை; சதுரக் கட்டம் போட்ட அடித்தட்டை இழுப்பறையில் விரித்து, அதில் பொருந்தும் டப்பாக்களை அடுக்குவது: கட்டம் 42 மி.மீ., டப்பாவின் உயரம் 7 மி.மீ. படிகளில். ஆயத்த வடிவங்கள் குவிந்து கிடக்கின்றன, எந்த டப்பாவும் எந்தக் கட்டத்திலும் உட்காரும். அந்த 42-க்குப் பணிந்துபோக வேண்டியதுதான் விலை. ஏஏ பேட்டரியின் நீளம் 50.5 மி.மீ.; படுக்க வைத்தால் ஒரு கட்டத்தில் அடங்காது, இரண்டு கட்டம் போய்விடும். அடித்தட்டும் அடிக்கால்களும் உயரத்தையும் பிளாஸ்டிக் இழையையும் தின்னும், ஆழமில்லாத இழுப்பறையில் இது தெரியும்.

என் மேசை இழுப்பறையின் உள்ளகலம் 290. ஆறு கட்டம் 252 போக, ஓரத்தில் 38 மி.மீ. சும்மா கிடந்தது. அங்கே வைக்க ஓப்பன்எஸ்கேட் கோப்பைத் திறந்தேன். இரண்டு சுவர் 2.4, எடுத்துவைக்கத் தளர்வு 0.6 கழித்து உள்ளகலத்தில் 35 என்று அடித்தேன். பென்சில்களெல்லாம் இப்போது அதில்தான்.